இறக்கை கைவிடும் கோணம்

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தைத் தொட்டுச் செல்லும் சாலைகளில் போக்குவரத்தை நிறுத்திவைக்கும் சக்தி ஒரு சரக்குக்கு உண்டு. காற்றாலை இறக்கைதான் அது. எழுபது மீட்டரைத் தாண்டிய இறக்கைகள்கூட இந்தத் துறைமுகம் வழியாகக் கப்பலேறுகின்றன. ஒதுங்கி நிற்கும் பைக் ஓட்டிகள் அதன் நீளத்தைத்தான் செல்போனில் படம் பிடிப்பார்கள். அவர்கள் கவனிக்கத் தவறுவது அதன் முறுக்கை. அடிப்பக்கம் தடித்த குழாயாக இருக்கும். சற்றுத் தள்ளி அகன்று தட்டையாகும். அங்கிருந்து நுனிவரை பார்வையை ஓட்டினால், ஈரத்துணியைப் பிழிய ஆரம்பித்த யாரோ பாதியில் விட்டுப் போனதுபோல இறக்கை முழுவதும் மெல்லத் திரும்பிக்கொண்டே போவது தெரியும்.

அமெரிக்காவிலோ பிரான்ஸிலோ வீட்டு ஷெட்டில் சொந்தக் கையால் சிறிய விமானம் கட்டுகிற ஆட்களில் பலரும் இறக்கையில் ஒரு முறுக்கு வைக்கிறார்கள். அளவு சிறியது, இரண்டு மூன்று டிகிரிதான். அதை வைக்கக் காரணம் ‘ஸ்டால்’ மீதுள்ள பயம். பறந்துகொண்டிருக்கும் இறக்கை, எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தூக்கும் சக்தியைத் திடீரென்று இழப்பதற்குப் பெயர் ஸ்டால். வீட்டு விமானக்காரர்களைக் கொல்லும் காரணங்களின் வரிசையில் அது எப்போதும் முன்னால் நிற்கும். அதே ஸ்டாலைக் கடிவாளமாக நம்பிச் சுழன்ற யந்திரங்கள் தூத்துக்குடிக்குத் தெற்கே, முள்ளக்காட்டில், 1986இல் நடப்பட்டன. இந்தியாவின் முதல் காற்றாலைப் பண்ணைகளில் அதுவும் ஒன்று. அந்த ஆண்டு அக்டோபரில்தான் திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தூத்துக்குடி தனி மாவட்டமானது.

ஸ்டாலைப் புரிந்துகொள்ள விமானம் ஏற வேண்டியதில்லை, பாய்மரம் போதும். இந்தக் கரையில் கடைசி முத்துக்குளிப்பு 1961இல் நடந்தது. அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் முத்துக்குளிப்புப் படகுகள் நள்ளிரவுக்குப் பின் கரைக்காற்றில் பாய் விரித்து முத்துச்சிப்பிப் பார்களை நோக்கிப் போகும். பகல் முற்றியதும் கடற்காற்றைப் பிடித்துத் திரும்பும். காற்று நேர்ப் பின்னாலிருந்து வீசினால் பாய்க்கு அதிக வேலை இல்லை, தள்ளினால் போகவேண்டியதுதான். காற்று பக்கவாட்டில், கொஞ்சம் முன்னிருந்தும் வரும்போதுதான் பாய் இறக்கையாகிறது. வளைந்த துணியின் இருபுறமும் காற்று ஓடுகிறது. வெளிப்புற வளைவை ஒட்டி ஓடும் காற்று திசை திரும்புகிறது. அப்படித் திரும்பும்போது பாயைத் தன் பக்கம் இழுக்கிறது.

பாயின் கீழ்முனைக் கயிற்றைப் படகோட்டி கொஞ்சம் இழுத்துக் கட்டினால் இந்த இழுவிசை கூடும். இன்னும் இழுத்தால் இன்னும் கூடும். ஓர் எல்லைக்கு மேல் இழுத்தால் வெளிப்புறக் காற்றால் அந்த வளைவைத் தொடர முடியாது. துணியை விட்டுப் பிய்த்துக்கொண்டு சுழிசுழியாகப் பின்னால் போய்விடும். படகு ஒரு பக்கம் சாயும், ஓட்டம் குறையும். கை பழகியவர்கள் உடனே கயிற்றை ஒரு முழம் தளர்த்துவார்கள். காற்று மறுபடி துணியோடு ஒட்டிக்கொள்ளும்.

கடலில் ஸ்டாலின் விலை சற்று வேகக் குறைவு. வானத்தில் அதே தவறுக்கு அடியில் தாங்கிப் பிடிக்க எதுவுமில்லை.

இறக்கை காற்றை எதிர்கொள்ளும் கோணத்தைத் தாக்குகோணம் என்கிறார்கள். சாதாரண இறக்கைக்கு ஏறத்தாழ 15, 16 டிகிரி வரை கோணம் கூடக்கூடத் தூக்கும் விசையும் கூடும். அதைத் தாண்டினால் மேற்பரப்புக் காற்று பிய்த்துக்கொள்ளும். மெதுவாகப் பறக்கும் விமானம் தன் எடையைத் தாங்க மூக்கைத் தூக்கிக் கோணத்தைக் கூட்டியாக வேண்டும். அதனால்தான் மெதுவாகப் போனால் ஸ்டால் ஆகும் என்று எளிமையாகச் சொல்லிவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். இறக்கைக்கு வேகம் தெரியாது, கோணம்தான் தெரியும். எவ்வளவு வேகத்தில் போனாலும் கட்டுப்பாட்டுக் கம்பியை வெடுக்கென்று இழுத்துக் கோணத்தை எல்லை தாண்டவிட்டால் ஸ்டால் ஆகும். விமானம் 60 டிகிரி சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பினால் இறக்கைகள் இரு மடங்கு எடையைச் சுமக்க வேண்டியிருக்கும். நேராகப் பறக்கையில் மணிக்கு 80 கிலோமீட்டரில் ஸ்டால் ஆகும் விமானம், அந்தத் திருப்பத்தில் 113 கிலோமீட்டரிலேயே கைவிரித்துவிடும். தரையிறங்க ஓடுபாதையை நோக்கிக் கடைசித் திருப்பம் திரும்பும்போது பல விமானிகள் உயிரை விட்டிருப்பதன் கணக்கு இதுதான். ஓடுபாதையைத் தாண்டிப் போய்விடுவோமோ என்று இன்னும் கொஞ்சம் இழுப்பார்கள். மீட்டெடுக்க அங்கே உயரம் இருக்காது.

முதல் பெரிய பலி ஜெர்மானியரான ஓட்டோ லிலியன்தால். எஞ்சின் இல்லாத மிதவை விமானங்களைத் தானே கட்டி, குன்றுகளிலிருந்து ஓடிக் குதித்து, ஏறத்தாழ இரண்டாயிரம் முறை பறந்தவர். 1896 ஆகஸ்ட் 9 அன்று காற்றின் ஒரு வீச்சில் மூக்கு மேலே எழும்பி இறக்கை ஸ்டால் ஆனது. சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து மறுநாள் இறந்தார். அந்த மரணம்தான் ரைட் சகோதரர்களை உலுக்கியது. மூக்கை ஏற்றி இறக்கும் பலகையை அவர்கள் விமானத்தின் முன்பக்கம் வைத்ததற்கு லிலியன்தாலின் முடிவும் ஒரு காரணம்.

வீட்டு விமானக் கதையில் சென்னைக்கும் பழைய இடம் உண்டு. மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜாகோமோ டி'ஏஞ்சலிஸ், தானே வரைந்த ஓர் இரட்டை அடுக்கு விமானத்தை, வண்டி கட்டும் தொழிலுக்குப் பேர்போன சிம்ப்சன் கம்பெனியில் செய்யச் சொல்லி, 1910 மார்ச் மாதம் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். பிறகு தீவுத்திடலில் கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களுக்கும் பறந்து காட்டினார். எவ்வளவு பெரிய சூதாட்டம் அது என்பது இன்று திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். ஸ்டாலில் சிக்கிச் சுழன்று விழும் விமானத்திலிருந்து பிழைப்பது எப்படி என்று அப்போது யாருக்கும் சொல்லத் தெரியாது. பிரிட்டிஷ் கடற்படை லெப்டினன்ட் வில்ஃப்ரட் பார்க் பலர் கண்ணெதிரே அப்படி ஒரு சுழலிலிருந்து மீண்டு, என்ன செய்தேன் என்று விவரமாகச் சொன்னது 1912 ஆகஸ்டில்தான். அவருடைய வெற்றியும் கடைசி நொடியில் உள்ளுணர்வுக்கு எதிராகச் செய்த ஒரு காரியத்தால் கிடைத்தது.

உள்ளுணர்வு ஏன் காலை வாருகிறது? இரண்டு இறக்கைகளும் ஒரே நொடியில் ஸ்டால் ஆவது அபூர்வம். ஒன்று முந்திக்கொள்ளும், அந்தப் பக்கம் சாயும். சாய்ந்த பக்கத்தைத் தூக்கத்தான் எந்த மனிதனுக்கும் தோன்றும். கம்பியை எதிர்ப்பக்கம் தள்ளினால் சாய்ந்த இறக்கையின் நுனியிலுள்ள மடிப்புப் பலகை கீழே இறங்கும். அது அந்த இடத்தில் கோணத்தை இன்னும் கூட்டும். ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்ட இறக்கை முழுதாகக் கைவிட, விமானம் திருகிக்கொண்டு இறங்க ஆரம்பிக்கும். மூக்கு கீழே போகிறதே என்று இழுத்தால் இன்னும் மோசம். செய்ய வேண்டியது முன்னால் தள்ளுவது. தரை எதிரே பெரிதாகிக்கொண்டு வரும்போது அதை நோக்கித் தள்ள ஒருவருக்கு மனம் வர வேண்டும்.

அதனால் நல்ல வடிவமைப்பாளர் விமானியின் மனதை நம்புவதில்லை. ஸ்டால் எங்கே தொடங்க வேண்டும் என்பதை இறக்கையிலேயே எழுதிவைக்கிறார். உடலை ஒட்டிய அடிப்பகுதியில் தொடங்கினால் இரண்டு நன்மை. நுனி இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதால் விமானம் ஒரு பக்கம் சாயாது. அடிப்பகுதியில் பிய்ந்த காற்றுச் சுழிகள் வால் பகுதியில் போய் மோத, கம்பி கையில் கிடுகிடுவென்று நடுங்கும். எந்த மணியும் விளக்கும் தராத எச்சரிக்கை அது.

வடிவத்தில் இதற்கு மலிவான வழி, பார்க்க அழகில்லாத நீள்செவ்வக இறக்கை. அது இயல்பிலேயே அடியில் முதலில் ஸ்டால் ஆகும். நுனி நோக்கிக் குறுகிக்கொண்டே போகும் இறக்கை கண்ணுக்கு லட்சணம், எடையும் குறைவு. ஆனால் அளவு மீறிக் குறுக்கினால் நுனிதான் முதலில் கைவிடும். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் புகழ்பெற்ற நீள்வட்ட இறக்கை, சும்மா விட்டால், ஏறத்தாழ எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் ஸ்டால் ஆகும் குணமுடையது. அடியிலிருந்து நுனிக்கு இரண்டரை டிகிரி முறுக்கி, நுனியின் கோணத்தைக் குறைத்துத்தான் அதை வழிக்குக் கொண்டுவந்தார்கள். உலகில் மிக அதிகமாக வீடுகளில் கட்டப்பட்டுள்ள ஆர்.வி. வகை விமானங்களில் (பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை பறந்திருக்கின்றன) பெரும்பாலானவற்றுக்கு ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வன் பலகைத்துண்டு போன்ற செவ்வக இறக்கையையே வைத்தார். விலா எலும்புகள் எல்லாம் ஒரே அளவு, கட்டுவதும் சுலபம். அழகுக்காக யாரும் ஆர்.வி. இறக்கையைப் பாராட்டியதாகத் தெரியவில்லை. அதில் பறந்தவர்கள் குறை சொன்னதும் குறைவு.

காகிதத்தில் எழுதிய குணம் ஷெட்டில் அப்படியே வந்துவிடாது. சட்டத்தில் வரிசையாக நிறுத்திய விலா எலும்புகளின் மேல் கட்டுகிறவர் ரசமட்டம் வைத்துப் பார்க்கிறார். வலது இறக்கைக்கும் இடது இறக்கைக்கும் அரை டிகிரி, ஒரு டிகிரி வித்தியாசம் வந்துவிட்டால் தரையில் கண்ணுக்குத் தெரியாது. வானத்தில் கோணம் அதிகமான இறக்கை ஒவ்வொரு முறையும் முந்திக்கொண்டு ஸ்டால் ஆகி, அந்தப் பக்கமே சாயும். பிரச்சினை எங்கே என்று பார்க்க மேற்பரப்பு முழுவதும் விரல் நீளக் கம்பளி நூல் துண்டுகளை டேப் வைத்து ஒட்டிவிட்டு, போதிய உயரத்துக்குப் போய், வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள். காற்று ஒட்டியிருக்கும் வரை நூல்கள் பின்னோக்கிப் படிந்து கிடக்கும். முதலில் பின்விளிம்பு நூல்கள் துடிக்கும். பிறகு சில நூல்கள் நிமிர்ந்து, தலைகீழாகத் திரும்பி, முன்பக்கத்தைச் சுட்டும். எந்த நூல் முதலில் திரும்பியது என்பதே சோதனையின் விடை. நுனிப்பக்க நூலாக இருந்தால் வேலை பாக்கி. அடிப்பக்கத்து முன்விளிம்பில் ஒரு சிறு முக்கோணப் பட்டையை ஒட்டி, அந்த இடத்தை வேண்டுமென்றே கெடுத்து, முதலில் அது ஸ்டால் ஆகும்படி செய்வார்கள். இறக்கையின் ஒரு பகுதியைக் கெடுத்து முழு இறக்கையைக் காப்பாற்றும் வேலை இது.

ஸ்டாலைப் பழக்குவதற்குப் பதில் ஒழித்தே விடலாம் என்று கிளம்பியவர்களும் உண்டு. பிரான்ஸின் ஆன்ரி மின்யே 1933இல் ‘பூ து சியெல்’ என்ற குட்டி விமானத்தைப் பறக்கவிட்டார். அடுத்த ஆண்டு அதைக் கட்டும் முறையை எழுதிப் புத்தகமாகவும் போட்டார். பெட்டி அடிக்கத் தெரிந்தவர் யாரும் இதைக் கட்டலாம் என்பது அவர் கொடுத்த நம்பிக்கை. ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இறக்கைகள். முன்னிறக்கை முழுவதும் சாய்ந்து கொடுக்கும், காலால் மிதிக்க எதுவும் கிடையாது. சாதாரண விமானத்தின் ஸ்டாலும் சுழலும் இதில் வராது என்றார். ஐரோப்பா முழுவதும் சாதாரண ஆட்கள் கொல்லைப்புறங்களில் சுத்தியலை எடுத்தார்கள். பிறகு சாவுகள் வரத் தொடங்கின. 1936இல் பிரான்ஸும் பிரிட்டனும் முழு விமானத்தையே காற்றுச் சுரங்கத்தில் நிறுத்திச் சோதித்தபோது காரணம் தெரிந்தது. விமானம் செங்குத்தாகக் கீழ்நோக்கிவிட்டால், நிமிர்த்துவதற்காக விமானி முன்னிறக்கையின் கோணத்தைக் கூட்டக்கூட, இரண்டு இறக்கைகளுக்கும் இடையிலான இடுக்கில் பாயும் காற்று பின்னிறக்கையின் தூக்குவிசையைக் கூட்டி மூக்கை இன்னும் கீழே அழுத்தியது. ஸ்டாலிலிருந்து தப்ப வைத்த ஏற்பாடே மீள முடியாத பாய்ச்சலுக்குள் தள்ளியது. மின்யேயின் துணிச்சலை மெச்சலாம்; முழுதாகச் சோதித்துப் பார்க்காமல் ஊருக்கே திட்டப்படம் விற்றதை மன்னிக்க முடியவில்லை.

கலிஃபோர்னியாவின் பர்ட் ரூட்டன் இதே ஆசையைப் பதமாகச் செய்தவர். 1975இல் வேரிஈஸி, 1979இல் லாங்ஈஸி. சிறிய இறக்கை முன்னால், பெரிய இறக்கை பின்னால். முன்னிறக்கை கொஞ்சம் கூடுதல் கோணத்தில் இருப்பதால் அது முதலில் ஸ்டால் ஆகும், மூக்கு தானாகக் கீழிறங்கும், பெரிய இறக்கை எல்லையை எட்டவே எட்டாது. இதற்கும் விலை உண்டு. பெரிய இறக்கையின் முழுத் திறனையும் பயன்படுத்தவே முடியாது என்பதால் வேகமாகத்தான் தரையிறங்க வேண்டும், நீண்ட ஓடுபாதை வேண்டும். அதோடு, மழை பெய்தால் சில விமானங்களின் மூக்கு தானாகவே தாழ்ந்தது. முன்னிறக்கையின் வடிவம் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் உருவானது. வழுவழுப்பான பரப்பில் காற்று அடுக்குக் குலையாமல் ஓடினால்தான் அது வேலை செய்யும். மழைத்துளிகள் ஒட்டியதும் ஓட்டம் குலைந்து தூக்குவிசை சரிந்தது. ஜான் ரான்ஸ் என்பவர் மழையைச் சட்டை செய்யாத புதிய குறுக்குவெட்டு ஒன்றை வரைந்து கொடுக்க, பலர் பழைய முன்னிறக்கையைக் கழற்றிவிட்டுப் புதிதாகக் கட்டினார்கள்.

இலேசு விமானத்துக்கான சட்டங்களே ஸ்டால் வேகத்தை வைத்துத்தான் வேலி கட்டுகின்றன. அமெரிக்காவில் உரிமமே வேண்டாத மிகச் சிறிய வகைக்கு அது 24 நாட், அதாவது மணிக்கு 44 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். விழுந்தாலும் மெதுவாக விழட்டும் என்பது கணக்கு. தூத்துக்குடியிலிருந்து மேற்கே, மணிமுத்தாறில், 2014இல் அப்படி ஓர் இலேசு விமானம் பறந்தது. கட்டியவர் தொடுபுழையைச் சேர்ந்த சஜி தாமஸ். காது கேளாத, பேச இயலாத, பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட மனிதர். ஓட்டிக் காட்டியவர் ஓய்வுபெற்ற விங் கமாண்டர் எஸ்.கே.ஜே. நாயர். சஜியின் வாழ்க்கை ‘விமானம்’ என்ற மலையாளப் படத்துக்குத் தூண்டுதலானது. மும்பையில் அடுக்குமாடி மொட்டைமாடியில் ஆறு பேர் உட்காரும் விமானம் கட்டிய அமோல் யாதவ், அதற்குப் பதிவு எண் வாங்க 2017 வரை அலைந்தார். இந்தியாவில் விமானம் கட்டுவதைவிட அதற்குக் காகிதம் வாங்குவது பெரிய வேலை.

இனி முள்ளக்காடு. அந்தக் காற்றாலைகளின் பூர்வீகமும் ஒரு வகையில் வீட்டு ஷெட்டுதான். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு டென்மார்க்கில் தச்சர்களும் கொல்லர்களும் மாணவர்களும் சொந்தமாகக் காற்றாலை கட்டத் தொடங்கினார்கள். கிறிஸ்டியன் ரீசாகர் தச்சர். கார்ல் எரிக் யோர்கென்சன் கொல்லர். அவரும் ஹென்ரிக் ஸ்டீஸ்டால் என்ற இளைஞரும் உருவாக்கிய வடிவத்தை 1979இல் வெஸ்டாஸ் என்ற கம்பெனி உரிமம் வாங்கியது. அதுவரை பண்ணை வண்டிகளும் பாரந்தூக்கிகளும் செய்துகொண்டிருந்த கம்பெனி அது. இவர்கள் எல்லோருக்கும் முன்னோடி, 1957இல் கெட்ஸர் என்ற இடத்தில் யோஹானஸ் யூல் நிறுத்திய 200 கிலோவாட் யந்திரம். யூலின் யோசனை எளிமையானது: இறக்கையைத் திருப்பும் பொறியே வேண்டாம், அசையாமல் பொருத்திவிடு, மீதியை ஸ்டால் பார்த்துக்கொள்ளும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதற்கு முள்ளக்காட்டில் நின்ற 55 கிலோவாட் யந்திரமே நல்ல உதாரணம். காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். எதையும் செய்யாமல் விட்டால் புயல்காற்றில் ஜெனரேட்டர் கருகிப்போகும். சுழலியின் விட்டம் 15 மீட்டர், நிமிடத்துக்கு ஏறத்தாழ 50 சுற்று. ஜெனரேட்டர் மின்வாரியத்தின் 50 ஹெர்ட்ஸ் இணைப்போடு கட்டிப்போடப்பட்டிருப்பதால் காற்று கூடினாலும் இந்தச் சுற்று கூடாது. அதனால் இறக்கையின் நுனி எப்போதும் நொடிக்கு ஏறத்தாழ 40 மீட்டர் வேகத்தில்தான் ஓடும். நொடிக்கு 8 மீட்டர் காற்று வீசும்போது, நுனிக்குக் காற்று வந்து சேரும் சரிவு 11 டிகிரி. காற்று 16 மீட்டரானால் 22 டிகிரி. (சுழலி காற்றைச் சற்றுத் தணிப்பதை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.) நுனி வேகம் மாறாமல் காற்று மட்டும் கூடுவதால் தாக்குகோணம் தானாக ஏறுகிறது. அடிப்பகுதி மெதுவாக ஓடுவதால் அங்கே சரிவு இன்னும் அதிகம். அதனால் ஸ்டால் அடியில் தொடங்கி, காற்று வலுக்க வலுக்க நுனியை நோக்கி ஊர்ந்து செல்லும். எந்த இடம் எப்போது கைவிட வேண்டும் என்பதை முறுக்கு தீர்மானிக்கிறது. வீட்டு விமானக்காரர் நூல் ஒட்டிச் சோதிக்கும் அதே வரிசை. அவர் அந்த நிலைக்குப் போகவே கூடாது என்று வேண்டிக்கொள்கிறார். முள்ளக்காட்டு யந்திரமோ கச்சான் எனும் பலத்த மேல்காற்றில் மணிக்கணக்காக அந்த நிலையிலேயே நின்று சுழன்றது.

உறவு அதோடு முடியவில்லை. நாசாவுக்கு முன்னோடியான நாக்கா என்ற அமெரிக்க அமைப்பு, 1930களின் தொடக்கத்தில் இறக்கைக் குறுக்குவெட்டுகளை வரிசையாகக் காற்றுச் சுரங்கத்தில் அளந்து, நான்கு இலக்க எண் கொடுத்து வெளியிட்டது. அதில் 4412 என்றால் வளைவின் உயரம் அகலத்தில் 4 சதவீதம், அந்த உச்சி முன்விளிம்பிலிருந்து 40 சதவீதத் தொலைவில், தடிமன் 12 சதவீதம். ஏரோங்கா சாம்ப் என்ற எளிய அமெரிக்கப் பயிற்சி விமானத்தின் இறக்கை இதுதான். ஸ்டாலில் திடுக்கென்று விழாமல் மெல்லத் தளரும் குணம் 44 வரிசைக்கு உண்டு. அக்காலத்து டேனிஷ் காற்றாலை இறக்கைகள் பலவும் அதே 44 வரிசையிலிருந்து எடுக்கப்பட்டவை. பயிற்சி மாணவனின் உயிரைக் காக்கும் சாதுவான குணம், மின்சாரத்தைத் துள்ளாமல் வைத்திருக்கவும் பயன்பட்டது.

முள்ளக்காட்டுக்கு வரும் கச்சானின் வழி இது. மே மாதத்திலிருந்து தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையின் செங்கோட்டைக் கணவாயில் பிதுங்கி, தென்காசி, கயத்தாறு வழியாகத் தூத்துக்குடிக் கரையை அடைகிறது. தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் முப்பந்தலுக்கு இதையே செய்கிறது. 1990களில் இந்தக் கணவாய் வாசல்களில் நின்றவற்றில் பெரும்பங்கு அசையா இறக்கை ஸ்டால் யந்திரங்கள்தான். அவற்றை விற்ற சென்னை நிறுவனங்களில் ஒன்றான என்.இ.பி.சி., அதே காலத்தில் விமான சேவையும் நடத்தியது. ஒரே கம்பெனியின் ஒரு பிரிவு ஸ்டாலை நம்பியும் மறு பிரிவு அதற்குப் பயந்தும் பிழைத்த விசித்திரம் வேறெங்கும் நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஸ்டால் யந்திரத்துக்குப் பலவீனங்கள் இரண்டு. மின்வாரியத்தின் கம்பியில் மின்சாரம் போய்விட்டால் சுற்று வேகத்தைக் கட்டிப்போட ஆளில்லை. சுழலி வேகமெடுக்கும், நுனி விரைய விரையத் தாக்குகோணம் குறையும், ஸ்டாலில் இருந்த இறக்கை மீண்டும் உயிர்பெற்று இன்னும் வெறியோடு சுழலும். பிரேக்கும் பிடிக்கவில்லை என்றால் கதை முடிந்தது. அதனால்தான் இறக்கையின் நுனித்துண்டு மட்டும் வேகம் மிஞ்சியதும் தெறித்துத் திரும்பிக் காற்றுக்குக் குறுக்கே நிற்கும்படி செய்தார்கள். அடிக்கடி மின்சாரம் போகும் ஊர்களில் இந்தச் சிறு ஏற்பாடு எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாவது பலவீனம் பூச்சி. சில காற்றாலைகள் பலத்த காற்றில் ஒரு நாள் முழு மின்சாரமும் மறுநாள் பாதியும் தருவது வெகுகாலம் புதிராக இருந்தது. நெதர்லாந்தின் குஸ்டாவ் கார்ட்டனும் ஹெர்மன் வெல்ட்காம்பும் 2001இல் ‘நேச்சர்’ இதழில் விடை சொன்னார்கள். காற்று மெதுவாக வீசும் வேளையில் பறக்கும் பூச்சிகள் முன்விளிம்பில் மோதி ஒட்டிக்கொள்கின்றன. காற்று வலுக்கும்போது அந்தச் சொரசொரப்பு காற்றோட்டத்தைச் சீக்கிரமே பிய்த்துவிடுகிறது. ரூட்டனின் முன்னிறக்கையை மழை கெடுத்தது. காற்றாலை இறக்கையை மழை கழுவிச் சரிசெய்தது. தூத்துக்குடிக்கு அந்த உதவியும் தாராளமாகக் கிடைப்பதில்லை. கச்சான் அடிக்கும் மாதங்களில் இந்தக் கரை மழை மறைவில் கிடக்கிறது. உப்பளக் காற்றும் புழுதியும் பூச்சியும் படிந்த இறக்கைகளைக் கழுவப் பெரிய மழை வாடைக் காலத்தில்தான் வரும். அப்போது நல்ல காற்றின் பருவமே முடிந்திருக்கும்.

யந்திரங்கள் பெரிதானதும் ஸ்டாலின் காலம் முடிந்தது. ஸ்டாலில் நிற்கும் இறக்கை அதிரும், அடித்தளத்தை அழுத்தும். 15 மீட்டர் சுழலிக்குத் தாங்கிய இந்தச் சுமை நூறு மீட்டரைத் தாண்டிய சுழலிக்குத் தாங்காது. இன்றைய காற்றாலையில் ஒவ்வொரு இறக்கையும் தன் அடியிலேயே திரும்புகிறது. காற்று மிஞ்சினால் கோணத்தைக் குறைத்து, ஸ்டாலிலிருந்து விலகியே நிற்கிறது. படகோட்டி கயிற்றைத் தளர்த்திய வேலையை இப்போது மோட்டார் செய்கிறது. காற்றாலைகளைச் சோதித்துப் பார்க்கும் தேசிய நிலையம் இதே மாவட்டத்தின் கயத்தாற்றில் இருக்கிறது. பழைய சிறு யந்திரங்களைக் கழற்றிப் பெரியவற்றை நிறுத்துவதற்கென்று தமிழக அரசு 2024இல் தனிக் கொள்கை வெளியிட்டது. நல்ல காற்றுள்ள முதல்தர இடங்களை எல்லாம் முன்னால் வந்த அந்தச் சிறு யந்திரங்கள்தான் பிடித்து வைத்திருக்கின்றன.

சாதாரண விமானத்தில் அப்படி இறக்கையைத் திருப்பிக்கொள்ள முடியாது. அங்கே முன்னேற்றம் வந்தது விமானியின் கண்முன் தாக்குகோணத்தையே காட்டும் கருவியால். பல ஆண்டுகளாக அது போர் விமானங்களிலும் பெரிய ஜெட்களிலும்தான் இருந்தது; சிறு விமானத்தில் வேகமானி மட்டுமே, அதுவும் கோணத்தைப் பற்றிச் சுற்றிவளைத்துத்தான் சொல்லும். தொழிற்சாலையில் தயாரான சிறு விமானங்களில் இந்தக் கருவியைப் பொருத்தும் நடைமுறையை அமெரிக்க விமான நிர்வாகம் 2014இல் எளிதாக்கியது. ஷெட்டில் விமானம் கட்டுபவர்களுக்கு அந்த அனுமதி தேவைப்படவே இல்லை. இறக்கையில் இரண்டு சிறு துளை போட்டு, குழாய் இழுத்து, அவர்கள் அதை முன்பே மாட்டத் தொடங்கியிருந்தார்கள்.